பழுதாகாத மோட்டாரிடம் பழுதைக் கற்பது எப்படி?

சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரி வரத்து இருக்கும் இரண்டு மூன்று மாதங்கள்தான் முழுமூச்சில் ஓடும். பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் அதே கதைதான். அந்த நாட்களில் கூழ் பிழியும் இயந்திரத்தின் மோட்டார் படுத்துவிட்டால், லாரி லாரியாக வந்த பழம் வாசலிலேயே அழுகத் தொடங்கும். மோட்டாரின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் போகப்போவதை முன்கூட்டியே சொல்லும் கணினி இங்கே மிகவும் தேவை. அதைப் பழக்குவதும் இங்கேதான் கடினம்.

இயந்திரக் கற்றலுக்கு 'இது நல்லது, இது பழுது' என்று லேபிள் ஒட்டிய பதிவுகள் வேண்டும். நல்ல நிலைப் பதிவு வேண்டிய மட்டும் கிடைக்கும். பழுது எப்போதாவதுதான் வரும். வந்தாலும் ஃபிட்டர் அவசரமாகப் புது பேரிங்கைப் போட்டுவிட்டு, 'பேரிங் மாற்றப்பட்டது' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதோடு சரி. திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளிலாவது பதிவுகள் குவியும். சீசன் ஆலைக்கு அந்த வசதியும் கிடையாது.

அதனால் நல்லதை மட்டும் காட்டிப் பழக்குகிறார்கள். அதிலிருந்து விலகும் எதையும் கணினி சந்தேகிக்கும். படம் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதிலும் இதே வழிதான்: எம்விடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட படத்தொகுப்பில், 15 வகைப் பொருட்களுக்கான 3,629 பயிற்சிப் படங்களில் ஒன்றில்கூடக் குறை கிடையாது. குறையுள்ள படங்கள் சோதனைக்கு மட்டுமே.

இயற்பியலும் கைகொடுக்கும். சிறு மோட்டார்களில் வழக்கமாக இருக்கும் 6205 பேரிங்கில் 9 குண்டுகள் உள்ள வகையை எடுத்துக்கொள்வோம். வெளிவளையத்தில் கீறல் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு. மோட்டார் நிமிடத்துக்கு 1,797 சுற்று ஓடினால், நொடிக்குச் சுமார் 107 தட்டு. கீறல் உள்வளையத்தில் என்றால் 162. இந்தக் கணக்குக்கு லேபிளே வேண்டாம், பேரிங்கின் அளவுகளும் சுற்று வேகமும் போதும். திருப்புளி நுனியை பேரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் பழைய ஃபிட்டர் தேடுவதும் இந்தத் தட்டைத்தான். கணினி குழம்பும் பதிவுகளை மட்டும் அவரிடம் காட்டிக் கேட்பது நல்ல உத்தி. ஆலை மூடிக்கிடக்கும் மாதங்களில் கழற்றிய பேரிங்குகளை வெட்டிப் பார்த்து, கீறல் எந்த வளையத்தில் என்று குறித்துவைத்தாலே சில உருப்படியான லேபிள்கள் தேறும்.

சொந்தப் பதிவு போதாமல் வெளியிலிருந்து கடன் வாங்கும் தரவில்தான் கவனம் வேண்டும். ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாளுவது அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத் தரவு. 2 குதிரைத்திறன் மோட்டாரின் பேரிங்குகளில் மின்பொறியால் வேண்டுமென்றே பள்ளம் போட்டு எடுத்தது. அதை வைத்து 99 விழுக்காடு துல்லியம் என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். பலவற்றில் ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, பாதியில் பழக்கி மீதியில் சோதித்திருப்பார்கள். கணினி அங்கே பழுதைக் கற்றதா, அந்தக் குறிப்பிட்ட பேரிங்கை மனப்பாடம் செய்ததா என்று பிரித்தறியவே முடியாது. என் பார்வையில் அந்த 99-க்கு ஆலைத் தளத்தில் மதிப்பு சொற்பம்.

இப்படி ஒரு கருவியை விற்க வருபவரிடம், எந்த பேரிங்கில் பழக்கினீர்கள், எதில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பேரிங்கைச் சொன்னால், வேறு ஆளைப் பார்க்கலாம்.