பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. பெல்ட்டை இழுத்துப் பாருங்க!

பழைய சொகுசு கார் வாங்குவோருக்கு எச்சரிக்கை
(நமது நிருபர்)

சென்னை:-

புதுசில் 45 லட்ச ரூபாய் விலை போன வெளிநாட்டுக் கம்பெனி கார் அது. வயது 11. இப்போது கேட்கும் விலை 7 லட்சம்!

கறுப்பு நிறம். தோல் சீட்டு. கூரையில் கண்ணாடி ஜன்னல். மெழுகு போட்டுத் தேய்த்ததில் நம் முகம் தெரிகிறது.

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு" என்றார் புரோக்கர்.

(புரோக்கர்கள் வாயில் பழைய கார் எல்லாமே டாக்டர் வண்டிதான்!)

காரை வாங்க வந்தவர் அம்பத்தூரில் குடியிருக்கும் குமாஸ்தா. வயது 56. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கையில் இருப்பது பி.எப்.பில் எடுத்த 8 லட்சம்.

"இத்தனை வருஷம் பஸ்ஸிலயும் மின்சார ரெயில்லயும் இடிபட்டாச்சு தம்பி. சம்பந்தி வீட்டு வாசல்ல ஒரு தரமாவது பெரிய கார்ல போய் இறங்கணும்" என்றார் நம்மிடம்.

அந்த ஆசையில் தப்பு இல்லை. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பழகிய மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். நாமும் கூடப் போனோம்.

பெல்ட் சொன்ன கதை

மெக்கானிக் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. முதலில் பானெட் மீது கை வைத்தார்.

"ஏம்ப்பா, வண்டி சூடா இருக்கே? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டியா?"

"சும்மா ரெண்டு ரவுண்டு போனேண்ணே" என்று தலையைச் சொறிந்தார் புரோக்கர்.

என்ஜின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, காலையில் முதல் முறை ஸ்டார்ட் ஆகும்போதுதான் உள்ளே இருக்கும் நோய் சத்தம் போடும். சூடாகிவிட்டால் பல சத்தங்கள் அடங்கிவிடும். சூடான என்ஜினைக் காட்டினால் உஷார்!

அடுத்து டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. பிறகு டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடிப்பள்ளத்தின் மூலையில் வண்டல் மண்!

"வண்டி வெள்ளத்துல நின்னிருக்கு சார்" என்றார்.

"மழைத் தண்ணி தெளிச்சிருக்கும்ணே!" என்றார் புரோக்கர்.

"தெளிச்ச தண்ணி பெல்ட் ரோலுக்குள்ள போகாதுப்பா."

குமாஸ்தாவின் முகம் சுருங்கியது.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதையும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்ததையும் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் 2024 அக்டோபர் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் பலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் "ரிப்பேர் செலவு கட்டாது" என்று கணக்கு முடித்து விற்றுவிடும். சில உடைசலுக்குப் போகும். சில துடைத்து, மெழுகு போட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும்.

பழைய அம்பாசிடரில் தண்ணீர் புகுந்தால் கழற்றித் துடைத்துக் காயவைத்து ஓட்டிவிடலாம். சொகுசு கார் அப்படி அல்ல. பிரேக், கியர், விளக்கு, சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அவற்றில் பல சீட்டுக்கு அடியிலும் டிக்கிக்கு அடியிலும் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் வயர்களில் பச்சைப் பூஞ்சை போலத் துரு ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்!

"ஸ்பேருக்கு வயசாகாது"

இது பற்றி மெக்கானிக் கூறியதாவது:-

"கார் விலை வருஷா வருஷம் இறங்கும். ஸ்பேர் விலை இறங்காது. 7 லட்சத்துக்கு வாங்கினாலும் ரிப்பேர்னு வந்தா அது 45 லட்ச ரூபா வண்டிதான். பில்லும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வரும். இது புரியாமதான் ஜனங்க மாட்டிக்கிறாங்க.

தாம்பரம் பக்கம் மளிகைக் கடை வச்சிருக்கிற ஒருத்தர், யாரையும் கேட்காம 9 லட்சத்துக்கு ஒண்ணு வாங்கினார். நாலு மாசத்துல கியர் பாக்ஸ் போச்சு. அதுக்கு 3 லட்சம். அது முடியறதுக்குள்ள ஏர் சஸ்பென்ஷன் இறங்கி, வண்டி ஒரு பக்கமா படுத்துக்கிச்சு. கடைசியில 4 லட்சத்துக்குக் குடுத்துட்டார். போனது அத்தனையும் தீபாவளி சரக்குக்கு வச்சிருந்த பணம் சார்!"

இவ்வாறு அவர் கூறினார்.

கம்பெனி பெரிசு, கோளாறும் உண்டு

பெயர் பெற்ற கம்பெனி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. உலகம் அறிந்த சில கோளாறுகள் இவை:-

* பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2007-ல் கொண்டுவந்த 'என்47' டீசல் என்ஜினில், ஆரம்ப வருஷங்களில் டைமிங் செயின் தேய்ந்து அறுந்த புகார்கள் ஏராளம். செயின் இருப்பது என்ஜினின் பின்பக்கம். அதை மாற்ற கியர் பாக்ஸையோ, என்ஜினையோ இறக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பின்பக்கமிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் வாங்காதீர்கள்.

* மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி, மின்சாரத்தில் இயங்கும் பிரேக் அமைப்புக்காக 2004-ல் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களை உலகம் முழுவதும் திரும்ப அழைத்துச் சரி பார்த்தது.

* வோக்ஸ்வாகன் குழுமத்தின் 'டி.எஸ்.ஜி.' ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3 லட்சத்து 84 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நெரிசலில் ஊர்ந்து போகும்போது கார் குலுங்குகிறதா என்று பாருங்கள்.

* ஜப்பானின் டகாட்டா கம்பெனி ஏர் பேக், உஷ்ணமும் ஈரமும் உள்ள ஊரில் வருஷக்கணக்கில் கிடந்தால், வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறவிடும் ஆபத்து உண்டு. நம் ஊருக்கு உஷ்ணமும் ஈரமும் சொல்லவா வேண்டும்? 2018 ஜனவரியில் இந்தியாவில் ஹோண்டா கம்பெனி அக்கார்டு, சிட்டி, ஜாஸ் கார்களில் 22,834-ஐ இதற்காகவே திரும்ப அழைத்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வேலை முடிந்துவிட்டதா என்று கம்பெனியிலேயே கேட்கலாம்.

எல்லாப் பழைய சொகுசு காரும் மோசம் என்று அர்த்தம் இல்லை. டொயோட்டா கேம்ரி போன்ற கார்களுக்கு "தொந்தரவு கொடுக்காது" என்று மெக்கானிக்குகள் மத்தியில் நல்ல பெயர் உண்டு. ஜெர்மன் காரும் வேளாவேளைக்கு சர்வீஸ் பார்த்து, அதற்கான பில்கள் கையில் இருந்தால் நன்றாகவே ஓடும். பில் இல்லாத கார்தான் ஆபத்து!

48 ஆயிரமா, 1 லட்சமா?

மீட்டரில் 48 ஆயிரம் கிலோ மீட்டர் காட்டியது. ஆனால் ஸ்டியரிங் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் பெடல் ரப்பரில் கோடுகளே இல்லை.

மெக்கானிக் ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினார். ஓடிய தூரத்தைப் பல கார்கள் மீட்டரில் மட்டும் அல்லாமல் மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் பதிந்து வைக்கும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் சில சமயம் மற்றதை மறந்துவிடுவார்கள். கியர் பாக்ஸ் பெட்டி காட்டிய கணக்கு 1 லட்சத்து 31 ஆயிரம்!

டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழமாகி இருக்கும்.

ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார் குமாஸ்தா. "சிங்கிள் ஓனர்" காருக்கு 4-வது உரிமையாளர் என்று போட்டிருந்தது.

"டாக்டர் கைக்கு அப்புறம் ரெண்டு மூணு பேர்..." என்று இழுத்தார் புரோக்கர்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியவை

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் நம்பரில் சுரண்டிய தடம் இருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். உங்கள் வீட்டு வாசலுக்குப் போலீசார் வருவார்கள்!

கடன் பாக்கி இருந்தால் பாங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். இன்சூரன்சை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் சலான் பாக்கியையும் பாருங்கள்.

டெல்லி நம்பர் காரா? 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 வருஷத்தைத் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதே வழியில் உத்தரவிட்டது. அங்கே ஓட்ட முடியாத கார்கள் மலிவு விலையில் வெளி மாநிலங்களுக்கு வந்தன. அப்படிப்பட்ட காருக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி மறுபதிவும் செய்ய வேண்டும். இதையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும்.

விற்கிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் கொடுத்த கார் விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது.

கடைசியில் என்ன ஆயிற்று?

புரோக்கர் விடவில்லை. "சரி சார், உங்களுக்காக அஞ்சரை லட்சம்!" என்றார்.

குமாஸ்தா தயங்கினார். ஒரே மூச்சில் ஒன்றரை லட்சம் இறங்கியிருக்கிறதே! காரை ஒரு முறை தடவிப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

"சும்மா குடுத்தாலும் வேணாம் சார். நல்ல வண்டியா இருந்தாக்கூட, வாங்கின விலையில மூணுல ஒரு பங்கு தனியா வச்சிருக்கணும். முதல் வருஷ ரிப்பேருக்கு. உங்ககிட்ட அது இருக்கா? பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு இந்த ரிஸ்க் எதுக்கு? சம்பந்தி வீட்டுல போய் இறங்கணும், அவ்வளவுதானே? ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. இதைவிடப் பெரிய கார் வரும். ரிப்பேர் வந்தா அது கார்க்காரன் தலைவலி!"

குமாஸ்தா சிரித்துவிட்டார். "வேணாம்ப்பா" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். 8 லட்சமும் தப்பியது!

சோதனைக்காக மெக்கானிக் வாங்கிய கூலி 1,500 ரூபாய்.

நாம் கிளம்பும்போது மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்து இறங்கினார். கூட யாரும் இல்லை. புரோக்கர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, "உட்காருங்க சார். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, அந்த சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

புரோக்கர் நம்மை முறைத்தார்!