கடைத் தேநீரின் தரம் அறிதல்

திராட்சை மதுவைச் சுவைத்து, அது விளைந்த நிலத்தையும் பருவத்தையும் கூறவல்ல வல்லுநர்கள் மேனாடுகளில் உளர். மதுவுக்குப் பிரான்சு தேசம் எத்தகையதோ, தேயிலைக்கு இலங்கை மலையகம் அத்தகையது. ஆயினும், அட்டன் வீதியிலே வட்டவளைக் கடையொன்றில் ரொட்டியும் சம்பலும் உண்டு தேநீர் அருந்துவோருள், அந்தத் தேநீரின் தரத்தை ஆராய்வோர் மிகச் சிலரே. ஆராய்வதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. கண், மூக்கு, நா ஆகிய மூன்றும் விழிப்புடன் இருந்தாற் போதும்.

முதலில் நிலத்தை நோக்குவோம். வட்டவளை, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு அங்கே ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பொழிகிறது. கொழும்பு பெறுவதோ அதிற் பாதியளவே. தென்மேற்குப் பருவமழைக் காலத்திற் கொழுந்து விரைந்து துளிர்க்கும், கூடைகள் நிறையும், ஆனால் சுவை மெலியும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் நிலவுங்கால் கொழுந்து மெதுவாக வளரும். மணமும் சுவையும் அதில் திரளும். மலையகத்தின் மேற்குச் சரிவுகளுக்கு இதுவே சிறந்த பருவம். ஊவாவிலோ ஜூலை முதல் செப்ரெம்பர் வரையே நற்பருவமாகும். ஆகவே, ஒரே தோட்டத்துத் தேயிலை ஆண்டு முழுவதும் ஒரே சுவையுடன் இருக்குமென எதிர்பார்த்தல் பொருந்தாது.

இனி, சுவைஞர் கையாளும் முறையைக் காண்போம். 1980ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி, நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள் இட்டு, மூடிய பாத்திரத்தில் ஆறு நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டும். உலர்ந்த தூள், ஊறிய இலை, வடித்த சாறு ஆகிய மூன்றும் அருகருகே வைக்கப்படும். சுவைஞர் சாற்றைக் கரண்டியில் எடுத்து, ஓசையெழ உறிஞ்சி, வாய் முழுவதும் பரப்பிப் பின் உமிழ்ந்துவிடுவார். காற்றோடு கலந்து உறிஞ்சும்போது மணம் தொண்டை வழியே மூக்கை எட்டுகிறது. அவ்வோசை நாகரிகக் குறைவன்று; தொழில் நுட்பமே.

அவர் தேடுவன யாவை? சாற்றில் ஒளி, நாவில் விறுவிறுப்பு, திண்மை, மணம் என்பன. உருட்டிய இலை காற்றுப் பட்டுப் பழுக்கும்போது அதில் இருவகைப் பொருள்கள் உண்டாகின்றன. தியாபிளவின் என்பது ஒளியையும் விறுவிறுப்பையும் தரும். தியாரூபிஜின் என்பது செந்நிறத்தையும் திண்மையையும் தரும். அளவுக்கு மீறிப் பழுத்தால் நிறம் கறுக்கும்; உயிர்ப்பு மறையும். ஆகவே கறுத்த சாயமே நல்ல தேநீர் என எண்ணுவது தவறு.

நல்ல தேநீர் ஆறும்போது சற்றே கலங்குவதும் உண்டு. தியாபிளவினும் கஃபீனும் ஒன்று சேர்வதால் நிகழ்வது இது. சிலர் இதனைக் கெட்டுப்போனதாகக் கருதிக் கொட்டிவிடுவர். உண்மையில் இது செறிவுக்கு அடையாளம்.

பொதியின் மேல் பி.ஓ.பி., டஸ்ட் என்றெல்லாம் அச்சிட்டிருப்பது தூளின் பருமனையே குறிக்கும். உயர்வு தாழ்வை அன்று. சிறு தூள் விரைவிற் சாயம் இறக்குவதால் கடைகளுக்கு அது ஏற்றது. பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொள்வதால் பால் தேநீருக்குத் திண்மையான தூள் வேண்டும். மெல்லிய மணமுள்ள தூளைப் பாலின்றி அருந்துவதே நன்று. ரொட்டி, வடை போன்ற எண்ணெய்ப் பண்டங்களை உண்டபின் வெறுந்தேநீரின் துவர்ப்பு நாவைத் துலக்கும். காலையில் ஊறவைத்த சாயத்தை மாலை வரை அடுப்பிலே கொதிக்கவிடும் கடையில் எத்தூளும் ஒன்றே. அங்கே எஞ்சுவது கசப்பு மட்டுமே.

கலப்படத்தையும் எளிதில் அறியலாம். ஈரமான வெள்ளை வடிதாளின் மேல் சிறிது தூளைத் தூவுக. உடனே நிறம் பரந்து ஓடினால் செயற்கைச் சாயம் சேர்ந்திருத்தல் கூடும். நற்றேயிலை குளிர்ந்த நீரில் அவ்வளவு விரைவிற் சாயம் விடாது.

இவையெல்லாம் வெறும் நாவின் இன்பத்துக்காகவா? அன்று. 1883ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலம் 2020ஆம் ஆண்டில் மின்னணு முறைக்கு மாறியது. ஆயினும் விலைக்கு அடிப்படையாக இருப்பது இன்றும் சுவைஞரின் நாவே. அவர் நாவில் எழும் குறைகளுட் சில, தொழிற்சாலைக்கு வருமுன்பே உண்டாகின்றன. முற்றிய இலை சேர்ந்தாலும், சாக்கில் அமுக்கிய கொழுந்து கசங்கினாலும், எந்திரத்தால் அதனைச் சீர்செய்ய இயலாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். அட்டை கடிக்கும் சரிவிலே, மழையில் நனைந்தபடி, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து கிள்ளும் பெண்ணின் விரல்களே முதற் சுவைஞர் எனலாம்.

வாங்குவோர் சாயத்தின் கறுப்பை மட்டும் நோக்கினால், அவ்விரல்களின் கவனத்துக்கு மதிப்பில்லாது போகும். கழிவுத் தூளும் நற்றூளும் ஒரே விலை பெறும். ஆகவே கடையிலே கிண்ணத்தைக் கையில் எடுத்ததும், சீனி சேர்க்குமுன் ஒருமுறை முகர்ந்து, ஒளியை நோக்கி, ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது நன்று. நன்றாயின் கடைக்காரரிடம் நன்று எனக் கூறுக. அன்றாயின் அதையும் கூறுக. கேட்பவர் இருந்தால் தரம் தானே உயரும்.