வத்தல் போட்ட பன்றிக்கறி

ஆர்.கே.பேட்டை வெயில்ல மொட்டை மாடியில காயுற கொத்தவரங்காய் வத்தல் உங்களுக்குத் தெரியும். சீனாவில் நீளக் காராமணிக் காயை ஒரு கொதி விட்டு, இதே மாதிரி காயவைத்து, பன்றியின் வயிற்றுக்கறியோடு வேகவைக்கிறாங்க. ஏன் காய்ந்த காய்? பச்சைக் காய் சீக்கிரம் குழைஞ்சிடும். காய்ந்தது தாங்கும், கறியின் கொழுப்பையும் சாற்றையும் உறிஞ்சிக்கும். தோலில் இருக்கும் கொலாஜன் ஜெலட்டினா மாற ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அதனால அவசரப்படாதீங்க.

கறியை முதல்ல சிவக்க வதக்குங்க. சர்க்கரை, இஞ்சி, சோயா சாஸ், வெந்நீர் சேர்த்து, சிறு தீயில் மூடி வைங்க. ஊறவைத்த காயை பாதியில் போட்டா போதும்.

நான் வீட்டு வத்தலை அப்படியே போட்டேன். அதுல ஏற்கெனவே உப்பு, சோயா சாஸ்லயும் உப்பு. குழம்பு வற்ற வற்ற வாயில வைக்க முடியல. ரூம்மேட்ஸ் மூணு பேரும் தயிர்சாதத்துக்குப் போயிட்டாங்க. நம்ம வத்தல்னா ஊறவைத்த தண்ணியைக் கொட்டிடுங்க, உப்பை கடைசியா ருசி பார்த்து போடுங்க.