உலகை ஆட வைத்த பாட்டு ராணிகள்

ஊரெல்லாம் புகழ், கையில் காசு இல்லை!

தென் ஆப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி நடந்த காலம். கறுப்பு நிறத்தில் பிறந்தவர்கள் வெள்ளையர் பகுதியில் குடியிருக்க முடியாது. வெள்ளையர் உட்காரும் பெஞ்சில் உட்கார முடியாது. எங்கே போனாலும் கையில் "பாஸ்" புத்தகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில்தான்!

ஆண்களுக்கு மட்டும் இருந்த இந்தச் சட்டத்தைப் பெண்கள் மீதும் சுமத்தினார்கள். அதை எதிர்த்து 1956-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி சுமார் 20 ஆயிரம் பெண்கள் பிரிட்டோரியா நகரில் ஊர்வலம் போனார்கள். ஆனால் அரசாங்கம் அசையவில்லை.

அப்படிப்பட்ட நாட்டில் சில கறுப்புப் பெண்கள் பாடியே புகழ் பெற்றார்கள். அவர்கள் குழுவின் பெயர் "மஹோட்டெல்லா குயின்ஸ்". குயின்ஸ் என்றால் ராணிகள்.

விளக்கு இல்லாத ஊர்

பெரிய நகரமான ஜோகன்னஸ்பர்க்கின் ஓரத்தில் அலெக்சாண்ட்ரா என்ற கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது. அந்த நாளில் அங்கே மின்சார விளக்கு கிடையாது. அதனால் அதற்கு "இருட்டு நகரம்" என்றே பெயர் வந்துவிட்டது. 1950-களில் "டார்க் சிட்டி சிஸ்டர்ஸ்" என்ற பெண்கள் குழு புகழ் பெற்றது. "இருட்டு நகரச் சகோதரிகள்" என்பது அதன் பொருள்.

அந்தக் குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர் ரூபர்ட் போபாப்பே. அவரும் கறுப்பர்தான். 1964-ம் ஆண்டு அவர் "காலோ" என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்கு மாறினார். அங்கே புதிதாகப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அதுதான் மஹோட்டெல்லா குயின்ஸ்.

ஹில்டா ட்லவுபட்லா, நோபெசுது ம்படு ஆகியோர் அதில் பாடினார்கள். அடுத்த ஆண்டு மில்ட்ரட் மங்சோலா சேர்ந்தார்.

களியின் பெயரில் ஒரு இசை

இவர்கள் பாடிய இசைக்கு "ம்பகாங்கா" என்று பெயர். ஜூலு மொழியில் இது மக்காச்சோள மாவில் செய்யும் சாப்பாட்டின் பெயர். நம் ஊர்க் களியைப் போல அது ஏழைகளின் அன்றாட உணவு. அந்த இசையும் அப்படித்தான். தினமும் வேண்டும், எளியவருக்கும் கிடைக்கும்!

ஒரு பெண் முன்பாட்டுப் பாடுவார். மற்றவர்கள் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். நடுவே ஒரு ஆணின் குரல் சிங்கம் உறுமுவது போலக் கேட்கும். அவர்தான் சைமன் ங்கபிண்டே. "மஹ்லத்தினி" என்று சொன்னால்தான் மக்களுக்குத் தெரியும். "சோவெட்டோவின் சிங்கம்" என்றும் அவரை அழைத்தார்கள்.

பக்கவாத்தியம் வாசித்தது "மக்கோனா ட்சோலே" குழு. "எல்லாம் வல்லவர்கள்" என்று பொருள். மின்சாரக் கித்தார் வாசித்த மார்க்ஸ் மன்க்வானே, சாக்சபோன் வாசித்த வெஸ்ட் ங்கோசி ஆகியோர் அதில் இருந்தார்கள்.

ராணிகள் நின்ற இடத்தில் நின்று பாட மாட்டார்கள். மணிமாலையும் குட்டைப் பாவாடையும் அணிந்து, காலைத் தரையில் ஓங்கி மிதித்து ஆடிக்கொண்டே பாடுவார்கள்.

ஒரு குழு, பல பெயர்!

ராணிகளின் இசைத்தட்டுகள் ஏராளமாக விற்றன. கறுப்பர்களைத் தனித்தனி மொழிக் கூட்டமாகப் பிரித்து வைக்க அரசாங்கம் வானொலி நடத்தியது. அதே வானொலி இவர்களுடைய பாட்டை வீடுதோறும் கொண்டு போனது!

ஆனால் வீட்டுக்குக் கொண்டு போகப் பணம் இருந்ததா?

அந்தக் காலத்தில் கறுப்புப் பாடகர்களுக்கு, பெரும்பாலும் பாடியதற்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தட்டு எத்தனை விற்றாலும் அதற்குமேல் பங்கு கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இதே பெண்களின் பாட்டுகள் "டிமா சிஸ்டர்ஸ்", "சோவெட்டோ ஸ்டார்ஸ்", "ம்துன்சினி கேர்ல்ஸ்" என்று வேறு வேறு பெயர்களிலும் வெளிவந்தன. கடையில் பார்த்தால் பல குழுக்கள். பாடியவர்களோ ஒரே பெண்கள்!

1970-களின் தொடக்கத்தில் மனக்கசப்பு முற்றியது. பணத் தகராறில் மஹ்லத்தினி விலகினார். பழைய ராணிகளும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். குழு நின்றுவிட்டதா? இல்லை. புதிய பெண்கள் அதே பெயரில் பாடினார்கள். குரல் பெண்களுடையது, பெயர் கம்பெனியுடையது!

மீண்டும் மேடை

1980-களில் காலம் திரும்பியது. 1986-ல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன், தென் ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு சேர்ந்து "கிரேஸ்லேண்ட்" என்ற இசைத்தட்டை வெளியிட்டார். இந்த இசையை உலகமே தேடத் தொடங்கியது.

ஹில்டா, நோபெசுது, மில்ட்ரட் மூவரும் மஹ்லத்தினியோடு மறுபடி சேர்ந்தார்கள். அப்போது அவர்கள் நாற்பது வயதை ஒட்டியவர்கள். "இனி இவர்கள் ஆடவா போகிறார்கள்?" என்று யாரும் கேட்க இடம் வைக்கவில்லை. 1987-ல் பிரான்சு நாட்டில் பாடினார்கள். கூட்டம் எழுந்து ஆடியது.

1988-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்த நாள் விழா. மண்டேலாவோ அப்போது சிறையில்! சுமார் 70 ஆயிரம் பேர் திரண்ட அந்த விழாவில் ராணிகள் பாடினார்கள். சொந்த நாட்டில் ஓட்டுரிமை இல்லாத பெண்களின் குரலைப் பல நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் கேட்டார்கள்.

1990-ல் மண்டேலா விடுதலையானார். 1994-ல் கறுப்பர்களும் ஓட்டுப் போட்டார்கள். மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

துக்கத்திலும் பாட்டு

பிறகு அடி மேல் அடி விழுந்தது. 1998-ல் மன்க்வானேயும் வெஸ்ட் ங்கோசியும் இறந்தார்கள். 1999-ல் மஹ்லத்தினியும் மறைந்தார். பக்கவாத்தியம் போயிற்று, சிங்கத்தின் குரலும் போயிற்று.

மூன்று பெண்களும் மூலையில் உட்காரவில்லை. தனியாகவே மேடை ஏறினார்கள். 2000-ம் ஆண்டு "வோமெக்ஸ்" என்ற உலக இசை மாநாட்டின் விருது அவர்களுக்குக் கிடைத்தது. நோபெசுது ம்படு 2021-ல் காலமானார்.

இளமையில் இவர்களுடைய உழைப்பைப் பிறர் விற்றார்கள். பெயரைக்கூடப் பிறர் வைத்தார்கள், மாற்றினார்கள். ஆனால் அந்தக் குரலை மட்டும் யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதை வைத்தே அவர்கள் இழந்த மேடையைத் திரும்பப் பிடித்தார்கள்!