உப்பளக் கரையில் மடங்காக் கத்தி: மரக்காணம் வட்டாரத்தை முன்வைத்து அலகு, காம்பு, துரு பற்றிய விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வேட்டைக்கத்தி முதலான மடங்காக் கத்திகளின் களப்பயன் பற்றி எழுதுவோர் எஃகின் வகையையும் அலகின் வடிவத்தையுமே முதன்மைப்படுத்துவர். உப்பளமும் கழியும் சூழ்ந்த மரக்காணம் கரையில் கத்தியின் ஆயுளை வரையறுப்பது அலகும் பிடியும் கூடும் இடமே என்பதை இக்கட்டுரை உலோக அரிமானத்தின் அடிப்படையில் விளக்குகிறது. நெய்தல் நிலத்து இரும்புப் பயன்பாட்டை அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு மதிப்பிடுவதில் இதனால் நேரும் சிக்கலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மரக்காணம், ஓய்மாநாடு, மடங்காக் கத்தி, காம்பு, பூண், குளோரைடு அரிமானம்

ஓய்மாநாட்டின் இரு நிலங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர் கொள்வர். அதே நூல் பாடும் வேலூரை அண்மையிலுள்ள உப்புவேலூராகக் காண்பதும் வழக்கம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் மரக்காணத்திற்கு வடக்கே அடுத்துள்ள பகுதியே. ஆகவே இந்நூலைக் கரையறிந்த ஒருவரின் படைப்பாகக் கொள்வதில் தவறில்லை. எயிற்பட்டினத்தில் நுளையர் குடியின் மீனுணவையும் கள்ளையும், வேலூரில் எயினர் குடியின் ஆமான் இறைச்சியையும் புளிச்சோற்றையும் புலவர் அடுத்தடுத்துக் காட்டுகிறார். மீன் அறுக்கும் கத்தியும் வேட்டை இறைச்சி அறுக்கும் கத்தியும் ஒரே உப்புக்காற்றில் புழங்கிய வட்டாரம் இது.

இன்று இங்கு வேட்டைக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. கழுவெளி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் வேட்டைக்கத்தியின் அமைப்பை ஒத்த கருவிகள் மறையவில்லை. பனையேறுவோரின் பாளை அரிவாள், சீமைக்கருவேல் கழிக்கும் வெட்டுக்கத்தி, மீன் அறுக்கும் கத்தி ஆகியன யாவும் அலகு மடங்காமல் பிடியோடு நிலையாக இணைந்தவை. மடக்குக்கத்தியின் அச்சில் மணலும் உப்பும் புகுந்தால் அது திறக்கவும் மூடவும் மறுக்கும். இக்கரையில் மடங்காக் கத்தியே நிலைபெற்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அலகு

வேட்டைக்கத்தி எனப் பொதுவாக அழைக்கப்படுவது ஏறத்தாழ 9 முதல் 13 செ.மீ. நீள அலகுடையது. தோலுரித்தல், மூட்டுப் பிரித்தல், சிறு கிளை கழித்தல் ஆகியவை அதன் பணிகள். இன்றைய ஆலைக் கத்திகள் பெரும்பாலும் ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரை கடினமூட்டப்படுகின்றன. நம் கொல்லர் பலர் லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் கொடுத்துக் கத்தி செய்வர். வில்பட்டை எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 விழுக்காடு வரை இருக்கும். அது எளிதில் துருப்பிடிக்கும். எளிதில் தீட்டவும் படும்.

உப்புக் கரையில் கூர்மை மழுங்குவது வெட்டுவதால் மட்டுமன்று. பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9223, கடுமையான கடல்சார் சூழலை சி5 என வகுத்து, அங்குக் கரிம எஃகு முதலாண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும் என்கிறது. மரக்காணம் போன்ற கரையை இவ்வகுப்பில் வைத்து எண்ணினால், நாளொன்றுக்குச் சராசரியாக 0.2 முதல் 0.5 மைக்ரான் தேய்மானம் வருகிறது. நன்கு தீட்டிய கத்தியின் வாய் விளிம்பே ஒரு மைக்ரான் அளவினது. துடைக்காமல் வைத்த கத்தி, எதையும் வெட்டாமலேயே ஓரிரு நாளில் கூர் இழப்பதன் கணக்கு இதுதான்.

உப்பின் அளவு கூடக்கூடத் துருவும் கூடும் என்பது பொதுவான எண்ணம். அது முழுமையாகச் சரியன்று. இரும்பு துருவேற நீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். உப்புச் செறிவு மிகும்போது நீரில் ஆக்சிஜன் கரைவது குறைகிறது. இதனால் அமிழ்ந்த நிலையில் இரும்பின் அரிமானம், கடல்நீரை ஒத்த 3 முதல் 3.5 விழுக்காட்டுச் செறிவில் உச்சத்தை எட்டி, ஏறத்தாழ 26 விழுக்காடு உப்புள்ள நிறைசெறிவு நீரில் தணிந்துவிடுகிறது. பாத்தியின் முற்றிய உப்புநீரில் கிடக்கும் கத்தியைவிடக் கழிநீரில் கிடக்கும் கத்தி விரைவாகத் துருவேறும். ஆனால் பாத்தியிலிருந்து எடுத்துக் கழுவாமல் கரையில் வைத்த கத்தியின் நிலை இவ்விரண்டினும் மோசமானது. அதன்மேல் படிந்த மெல்லிய ஈரப்படலத்தில் ஆக்சிஜன் தடையின்றி ஊடுருவும்.

அந்த ஈரம் ஏன் உலர்வதில்லை? தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பீரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீரை ஈர்த்துக் கரைகிறது. கடற்கரையில் இரவுதோறும் இந்நிலை வரும். பகலில் ஓரளவு உலரும். உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்புநீரில் மிகுந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். மரக்காணத்தின் நண்பகல் காற்றுக்கூட அதற்குப் போதிய ஈரமுடையது. கசப்புநீர் பட்ட இரும்பு கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் உண்மையில் உலர்வதே இல்லை. உப்பளத்திலும் மீன்பிடியிலும் கருவிகளை நன்னீரில் கழுவுவது வெறும் தூய்மைப் பழக்கமன்று. துணியால் துடைப்பது மட்டும் இவ்வுப்பை நீக்காது.

துருப்பிடிக்கா எஃகு இதற்குத் தீர்வாகுமா என்ற வினா இயல்பானது. 10.5 விழுக்காட்டுக்குக் குறையாத குரோமியம் இருந்தால் எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகும். குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். கத்தி கடினமாக இருக்கக் கரிமம் வேண்டும். அக்கரிமமோ குரோமியத்தைப் பிணைத்துக் கார்பைடாக்கிவிடுவதால் காப்புக்கு எஞ்சும் குரோமியம் குறைகிறது. 440சி எஃகில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது கடற்கரையில் புள்ளித்துரு கொள்வது இதனாலேயே. கரிமத்தைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்த புதிய எஃகுகள் இக்குறையைப் பெருமளவு நீக்கியுள்ளன. அவை விலை மிக்கவை. ஊர்க்கொல்லரின் உலைக்கும் எட்டாதவை. கரிம எஃகின் துரு மேற்பரப்பில் பரவிக் கண்ணில் படும், கல்லில் தேய்த்தால் போகும். புள்ளித்துருவோ பளபளக்கும் அலகுக்குள் ஆழ இறங்கும். நாள்தோறும் தீட்டும் கைக்கு வில்பட்டைக் கத்தியே இங்கு நம்பகமானது என்பது என் கருத்து.

காம்பும் பூணும்

அலகைக் கழுவலாம், தீட்டலாம், எண்ணெய் பூசலாம். பிடிக்குள் மறைந்த காம்பை அவ்வாறு செய்ய இயலாது. மரபான முறையில் கொல்லர் காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடியில் இறக்குவர். பிடி பிளவாதிருக்க வாய்ப்பகுதியில் பூண் இடுவர். உலர்நிலத்தில் இவ்விணைப்பு பல்லாண்டு தாங்கும். உப்புக்கரையில் மரம் மழைக்காலத்தில் ஊதியும் கோடையில் சுருங்கியும் நுண்ணிய இடைவெளி விடுகிறது. அவ்விடைவெளியில் உப்புநீர் புகும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோக, வெளிப்புறத்திற்கும் உட்புறத்திற்கும் இடையே மின்வேதி வேறுபாடு உண்டாகிறது, குளோரைடு உள்ளே திரள்கிறது, நீர் அமிலமாகிறது. இதனை இடுக்கு அரிமானம் என்பர். பூண் பித்தளையாக இருந்தால் கேடு இரட்டிப்பாகும். செம்புக் கலவையும் இரும்பும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் தேய்வது இரும்பே. அழகுக்காகப் பித்தளைப் பூண் கேட்போர் இதை அறிவதில்லை.

துரு தான் உண்ட இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை கன அளவு மிக்கது. கடற்கரை வீடுகளில் கம்பி துருவேறிக் கான்கிரீட் வெடிப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அதே விசை பிடியை உள்ளிருந்து பிளக்கிறது. பிடியில் நீளவாட்டில் கீறல் தோன்றும்போது காம்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். வெட்டும் விசை முழுதும் அலகு பிடிக்குள் நுழையும் கழுத்தில்தான் குவிகிறது. அங்கு முறிந்த கத்தி கையைவிட்டுப் பறக்கும். பனையின் உச்சியிலோ படகிலோ நிற்பவருக்கு இது உயிர் பற்றிய செய்தி. அலகு முழு அகலத்தில் பிடியின் முனைவரை நீண்டு, இருபுறமும் மரத்துண்டுகள் ஆணியால் பொருத்தப்பட்ட முழுக்காம்புக் கத்தி இவ்வகையில் மேலானது. அதன் காம்பின் விளிம்பு வெளியே தெரிவதால் துருவும் தெரியும்.

பிடி பொருத்தும் முறைகளுள் இன்னொன்று சுரை. காம்பில் இரும்பு மரத்துக்குள் செல்கிறது. சுரையில் மரம் இரும்புக்குள் செல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் புல்லரிசி அகழும் கோலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும்போது அதன் உளிபோன்ற வாயோடு சுரையையும் குறிக்கிறார். கருவியின் வாயைப் பாடிய புலவர் அது மரத்தோடு கூடும் இடத்தையும் கவனித்துள்ளார் என்பது சிந்திக்கத்தக்கது. சுரையில் மரம் இற்றுப்போனால் இரும்பு மிஞ்சும், புதுக்கோல் செருகலாம். காம்பு இற்றுப்போனால் புதிய காம்பைப் பற்றவைக்க வேண்டும், அல்லது கத்தியையே கைவிட வேண்டும்.

நெய்யும் உறையும்

அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் (95) நன்கறியப்பட்டது. அங்கு நெய் பூசிய படைக்கலம் பயன்படாத படைக்கலத்தின் அடையாளமாகிறது. கொல்லன் கொட்டிலில் சிதைந்து கிடப்பது பயன்பட்டதன் அடையாளமாகிறது. அங்கதத்தை ஒதுக்கிவிட்டுத் தொழில்நோக்கில் படித்தால், இரும்பைக் காக்கும் இரு வழிகளும் அப்பாடலில் உள்ளன: நெய்ப்பூச்சும் கொல்லனின் செப்பமும். உப்புக்கரையில் இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. உப்பைக் கழுவாமல் அதன்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

உறையும் இவ்வாறே. ஆலை வேட்டைக்கத்திகளோடு வரும் தோலுறை ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி அலகோடு ஒட்டிவைத்திருக்கும். பனையேறுவோர் இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டியோ வாய் திறந்தது, காற்றுப் புகுவது, கழுவி வெயிலில் காயவைக்கத்தக்கது.

அகழாய்வில் கரையோர இரும்பு

மேற்கூறிய செய்திகள் தொல்பொருள் ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. குளோரைடு மிகுந்த மண்ணில் புதைந்த இரும்பில் அக்ககனைட் எனும் துருவகை உருவாகிறது. அதற்குள் குளோரைடு தங்கியிருப்பதால், அகழ்ந்தெடுத்த பின்பும் அழிவு நிற்பதில்லை. பொருளின் மேற்பரப்பில் மஞ்சள்நீர்த் துளிகள் அரும்பும். பின்னர் அது ஏடேடாகப் பிரியும். சேமிப்பறையில் ஒப்பீரப்பதம் ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால்தான் இவ்வழிவு நிற்கும். சென்னையிலோ விழுப்புரத்திலோ சாதாரணக் கண்ணாடிப் பேழையில் அந்நிலையை எதிர்பார்க்க முடியாது. காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவதே இப்போதைய முறை.

இதனால் நெய்தல் நிலத்தில் இரும்பு குறைவாகக் கிடைப்பதைக் கொண்டு நெய்தல் மக்கள் இரும்பைக் குறைவாகப் பயன்படுத்தினர் என முடிவு கட்ட இயலாது. கொடுமணல் போன்ற உள்நாட்டு இடங்களின் இரும்புத் தொகுதியோடு கரையோர இடங்களின் தொகுதியை எண்ணிக்கையால் ஒப்பிடுவது, இருவேறு அழிவு வேகங்களை ஒப்பிடுவதாகவே முடியும். மேலும் முதலில் அழிவது காம்பு. காம்பற்ற அலகுத்துண்டு கிடைத்தால் அது கத்தியா, அரிவாளா, வேல்நுனியா என்று பெயரிடுவதே ஐயத்திற்குரியதாகிறது. அருங்காட்சியகப் பட்டியலில் ‘கத்தி’ என்ற ஒரு சொல்லால் அது முடிந்துபோகிறது.

இன்றைய கருவிகளைப் பதிவு செய்வோரும் அலகின் நீளம், வளைவு, ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். காம்பின் நீளம், பூணின் உலோகம், பிடியின் மரம், எத்தனை முறை பிடி மாற்றப்பட்டது என்ற செய்தி ஆகியவை பதிவில் இடம்பெற்றால்தான் புதைந்த பொருளை ஒப்பிட்டு அறிய இயலும். அகழ்ந்த துருக்கட்டியைச் சுரண்டுவதற்கு முன் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால் எஞ்சிய உலோகமும் பூணின் வளையமும் பெரும்பாலும் தனித்துத் தெரியும். காம்பு முற்றிலும் துருவாகியிருந்தாலும், அதைச் சூழ்ந்த மரத்தின் இழையமைப்பு துருவில் பதிந்து நிற்பதுண்டு. சுரண்டினால் முதலில் உதிர்வது அந்தப் பதிவே.