ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் உயிர்

மலை ஏறுதல் கடினம், இறங்குதல் எளிது. சமதரையிற் பிறந்தோர் பெரும்பாலும் இங்ஙனமே எண்ணுவர். நாமும் நாற்பது வயது கடக்கும்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் எமக்குத் தெரிந்த மலை கீரிமலை ஒன்றே. அதுவும் பெயரளவில் மலை!

ஆயினும் துவிச்சக்கரவண்டி எமக்குப் புதிதன்று. தொண்ணூறுகளிற் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தபோது நாம் மாணவராயிருந்தோம். பள்ளிக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் அந்நாளில் அதுவே வாகனம். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் நேர்ந்தபோது, மூலையிற் கிடந்த பழைய வண்டிகள் இரண்டையும் துடைத்து எண்ணெயிட்டோம். அப்போது பிறந்ததே மலைநாட்டை வண்டியிற் சுற்றிவரும் ஆசை. அடுத்து வந்த ஆவணி விடுமுறையில், தமக்கையாரின் மகனையும் அழைத்துக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். அவனுக்கு அப்போது வயது பதினேழு.

கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இடைத்தூரம் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். முதல்நாட் பயணம் பேராதனை, கம்பளை வழியாகப் புசல்லாவைவரை சென்றது. அங்கே நண்பரொருவர் வீட்டில் இரவு தங்கினோம். மறுநாட் காலையிலேதான் மலை தன் முகத்தைக் காட்டியது.

றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் காட்சியைக் கண்ட மகிழ்ச்சி சிறிது நேரமே நிலைத்தது. அப்பாற் பாதை, கொண்டையூசியை வளைத்துவைத்தாற்போல் மடிந்து மடிந்து மேலேறுகிறது. ஒரு வளைவிலிருந்து கீழே நோக்கினால், அரைமணி நேரத்துக்கு முன் நாம் வியர்வை சிந்திக் கடந்த பாதை காலடியிற் கிடக்கும். எம்முடைய வண்டிகளுக்குக் கியர் கிடையாது. முழங்கால்கள் முறையிட்டன, நெஞ்சு பறையடித்தது.

ஓய்வெடுக்கும் சாக்கில் மருமகனுக்குப் பழங்கதை ஒன்று சொன்னோம். 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் எழுதிவைத்த கதை அது. அவருடைய குதிரைவண்டியை ஓட்டிவந்தவன் இந்த றம்பொடைக் கணவாயில் அதனைப் பள்ளத்தில் வீழ்த்திவிட்டான். பின்னர் உதவிக்கென்று பெற்ற யானையையும் அவன் அவசரமாக மலையேற்ற, அதுவும் மாண்டது. "அவசரக்காரனை இந்த மலை விடாது" என்று ஆசிரியருக்குரிய தோரணையிற் கூறிமுடித்தோம்.

அவ்வழியே விறகுகட்டுடன் வந்த தோட்டத்து முதியவர் ஒருவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"வெளியூரா சார்? ஏறி மிதிக்காதீங்க, தள்ளிக்கிட்டுப் போங்க. மலை எங்கயும் ஓடிறாது. ஏத்தத்துல அவசரப்பட்டா மூச்சுத்தான் போகும். எறக்கத்துல அவசரப்பட்டா உசுரே போயிரும்."

அவர் சொற்படி வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளைக் கடந்து, மாலைப் பனிமூட்டத்தில் நுவரெலியாவை அடைந்தோம். அவர் கூறியதன் முற்பாதியே அன்று எமக்கு விளங்கியது.

பிற்பாதி மறுநாள் விளங்கியது. காலையில் மெல்லிய தூறல். கணவாயின் உச்சியிலிருந்து மருமகன் முன்னே பறந்தான். "மெல்லப் போ" என்று கூவினோம்; காற்று எம் குரலை அள்ளிக்கொண்டு போயிற்று. மூன்றாவது வளைவை நாம் அடையுமுன் பஸ் வண்டியொன்றின் ஊதல் நீண்டு ஒலித்தது. பின்பு ஓசை எதுவும் இல்லை. அந்தச் சில நொடிகளில் எமக்குத் தமக்கையாரின் முகமே கண்முன் நின்றது.

வளைவைக் கடந்தோம். பஸ் நின்றிருந்தது. வண்டி மலைச்சரிவுப் பக்கத்துக் கானுக்குள் கிடந்தது. மருமகன் சேறும் இரத்தமுமாய் எழுந்து உட்கார்ந்திருந்தான். "மாமா, பிறேக் பிடிக்கவேயில்லை" என்றான். பள்ளத்துப் பக்கம் திரும்பாமல் கானுக்குள் வண்டியைச் செலுத்திய புத்தி அவனைக் காத்தது. முழங்கையிலும் முழங்காலிலும் காயங்கள்; அவ்வளவே.

பிறேக் கட்டைகளைப் பார்த்தோம். இறப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் அந்தக் குறை ஆண்டுக்கணக்காக வெளிப்படவில்லை. மிதிப்பதை நிறுத்தினாற் சிறிது தூரத்தில் வண்டி தானே நின்றுவிடும். அவற்றை மாற்றாதுவிட்ட பிழை எம்முடையது.

இத்தனைக்கும் நாம் விஞ்ஞானம் கற்பிப்பவர். கணக்கு மிக எளிது. ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எனக் கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கண்டிவரை இறங்கும் 1,368 மீற்றரில் வெளிப்படும் சக்தி, மூன்று லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியதிற் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றவேண்டியவை, பெருவிரலளவான நான்கு இறப்பர்த் துண்டுகள்! சில்லின் உருக்கு விளிம்பு மழையில் நனைந்துவிட்டால் அவற்றின் பிடி மிகவும் தளரும். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இவற்றையெல்லாம் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியவர் நாமே.

மலைவழி செல்ல விரும்பும் மாணவர்கள் சிலவற்றை மனத்திற் கொள்க. புறப்படுமுன் பிறேக் கட்டைகளையும் கம்பிகளையும் சோதித்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் அன்று, நுழையுமுன்னரே வேகத்தைக் குறையுங்கள். முன் பிறேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் வண்டி தலைகுப்புறக் கவிழும். இரண்டையும் மெல்லப் பிடியுங்கள். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று சில்லுகளை ஆறவிடுங்கள். மழையோ பனிமூட்டமோ வந்தால் இறங்கி நடவுங்கள். நடப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நாமும் நடந்தோம். றம்பொடைவரை வண்டிகளைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். முதல்நாட் கண்ட முதியவர் வழியில் எதிர்ப்பட்டார். மருமகனின் முழங்காற் கட்டைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அருகிருந்த கடையில் எம் இருவருக்கும் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். காசு கொடுக்க நாம் முயன்றபோது கையமர்த்தினார். "போயிட்டு வாங்க சார், மெதுவாப் போங்க" என்பதே அவர் கூறிய விடை.

தேய்ந்த அந்தப் பிறேக் கட்டை இன்று எம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. சக்திப் பாடம் தொடங்கும் நாளில் அதனையே முதலில் மாணவர் கையிற் கொடுக்கிறோம். மருமகன் இப்போது வண்டியில் ஏறுமுன் பிறேக்கை இருமுறை அழுத்திப் பார்க்கிறான். அன்று கானுக்குள் விழுந்த செய்தியை எம் தமக்கையார் இக்கட்டுரையை வாசித்தே முதன்முதலாக அறியப்போகிறார். அவர் எம்மை மன்னிப்பாராக.