வேப்பமரத்தடி அகராதி

தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்து எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. முன்னால் கிடக்கும் மேசை, போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். கையிலிருக்கும் பேனாவும் அவர்களுடையதுதான். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். நாற்காலி மட்டும் சுத்தத் தமிழ். அதற்கும் ஒரு கால் ஆடுகிறது.

இந்தச் சொல் கிறுக்கு எனக்குப் பிடித்ததே ஒரு அசட்டுத்தனத்தால்தான். பத்திரத்திலும் பட்டாவிலும் ‘முருகேசன் வகையறா’ என்று வருமில்லையா? அதற்கு என்ன அர்த்தம் என்று யார் கேட்டாலும், “வகை அறாதவர்கள். அதாவது வம்சம் அறுந்துபோகாத பங்காளிகள்” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் பள்ளிவாசல் நிலம் சம்பந்தமாக மனு எழுத வந்த ஹஜ்ரத் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது அரபு, தம்பி. ‘வ’ன்னா ‘மற்றும்’, ‘கைர’ன்னா ‘மற்றவை’. அவ்வளவுதான்” என்றார். பங்காளிகளும் இல்லை, வம்சமும் இல்லை. வெறும் ‘முதலியன’! இவ்வளவு கச்சிதமாக வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும் வெளியூர்ச் சொல்லை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து எழுதும் சொல்லையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஆற்காட்டு நவாப்புகள் காலத்தில் வரிக் கணக்கும் வழக்கும் பாரசீக நிழலில் நடந்தன. 1801-ல் அந்த நவாப் சீமையின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது துரைமார்கள் நவாப்பை ஒதுக்கினார்களே தவிர, சொற்களை ஒதுக்கவில்லை. வசூல் நின்றுவிடக் கூடாதே! தாசில் என்றால் வசூலிப்பது, தார் என்றால் அதைக் கையில் வைத்திருப்பவர். அவருக்கு மேலே வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரருக்கும் கலெக்டர் என்றுதான் பெயர். இரண்டு நாற்காலிக்கும் ஒரே அர்த்தம். ஜில்லா என்ற சொல்லுக்கு அரபியில் மூல அர்த்தம் விலா எலும்பு. மாவட்டம் என்று மாற்றிவிட்டோம், விலா தப்பித்தது.

ஆபீஸுக்குள் தனியாக ஒரு காலண்டரும் ஓடுகிறது. 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை பசலி 1434. தொடங்கும் ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் கணக்கு சரியாக வரும். ‘பஸ்ல்’ என்றால் பருவம், அறுவடை. ஹிஜ்ரி ஆண்டு நிலாவைப் பார்த்து நடப்பது. 354 நாளில் முடிந்துவிடும். நிலா சொன்ன தேதியில் வரி கேட்டால், வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நாற்று நடும்போதே களத்து நெல்லைக் கேட்க வேண்டி வரும். அதனால் அக்பர் காலத்தில் சூரியனைப் பார்த்து ஓடும் ஆண்டு ஒன்றை வரிக்கென்றே வைத்தார்கள். அது இன்னும் நம் அடங்கல் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அப்பா கிராமக் கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர். 1980-ல் அந்தப் பதவியையே அரசு ஒழித்தது. அவருடைய கணக்கில் ‘அனாமத்து’ என்று ஒரு தலைப்பு இருக்கும். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத பணம் அதில் ஏறும். அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். இப்போதோ, கேட்பாரற்றுத் தெருவில் கிடப்பதைத்தான் அனாமத்து என்கிறோம். ஒப்படைத்தவன் கதி அவ்வளவுதான் போல.

மாமூலும் அப்படியே. ‘வழக்கமானது’ என்று பொருள். “மாமூலா நடக்கறதுதான்” என்று சொல்லும்போது சொல் யோக்கியமாகத்தான் இருக்கிறது. கையை மேசைக்கு அடியில் நீட்டும்போதுதான் கெட்டுப்போகிறது. பிராது, பாரசீகத்தில் ‘பரியாத்’. உதவி கேட்டு எழுப்பும் கூக்குரல். ஆசாமி என்பது அரபியில் ‘பெயர்கள்’. வரிக் கணக்கில் பெயர் ஏறிய குடியானவன் ஆசாமி ஆனான். இன்றைக்குப் பெயர் தெரியாதவனைத்தான் “யாரோ ஒரு ஆசாமி” என்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ராஜினாமா. ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. இரண்டு தரப்பும் ஒத்துப்போய் எழுதிக் கொடுப்பது அது. “ரெண்டு பேரும் ராஜியாயிட்டாங்க” என்று இன்றும் சொல்கிறோமே, அதே ராஜி. மராட்டிய நாட்டில் நிலத்தை விடும் குடியானவன், சம்மதித்தே விடுகிறேன் என்று கொடுத்த காகிதத்துக்கும் இதே பெயர். அந்த வழியில்தான் வேலையை விடுவதற்கும் வந்திருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த ராஜினாமாக்களில் மனசு ஒப்பிக் கையெழுத்துப் போட்டவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

போன மாதம், வரப்புத் தகராறு வழக்குள்ள ஒரு கிழவி காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் மறுபடியும் வாய்தா போட்டுவிட்டார்களாம்.

“வாய்தான்னா என்ன தெரியுமா ஆத்தா?” என்றேன். வாய் சும்மா இருக்காதே. “அரபுல வாக்குக் கொடுக்கறதுன்னு அர்த்தம். இந்தத் தேதிக்கு நிச்சயம்னு சொல்றது. சத்தியம் மாதிரி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுருக்குப்பையைத் திறந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளினார்.

“அப்போ எனக்குப் பதினோரு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க” என்றார். “பன்னெண்டாவது என்னைக்குன்னு அதுல பாத்துச் சொல்லு தம்பி.”